காலாவதியான புகைப்படத் தாளில் வெயில் அச்சு எடுப்பது எப்படி? பினாங்கு வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஸ்டுடியோக்களின் மேல்தட்டுகளில் கிடந்து காலாவதியாகிப்போன கருப்பு வெள்ளைப் புகைப்படத் தாள், இருட்டறையில் படம் கழுவுவதற்கு உதவாது. ஆனால் அதன்மேல் இலையையோ பூவையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஊதா, இளஞ்சிவப்பு, காவி, சாக்லேட் நிறங்களில் தானாகவே படம் ஏறும். இதை லூமன் அச்சு என்பார்கள். நான் வெயில் அச்சு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இதற்குக் கேமராவும், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் மருந்தும், இருட்டறையும் வேண்டாம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் பின்கட்டு முற்றத்தில் சிறு குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கைப்பழக்கக் குறையால் வருபவை அல்ல. வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால் வருபவை. தாள் பெட்டி கைக்கு வந்தவுடன் அதைத் திறந்து பார்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றுகிறது. இந்த வழிகாட்டியில் பெட்டியைத் திறப்பது ஐந்தாவது வேலை.

1. தாளைத் தேர்ந்தெடுத்தல்

லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும், மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் பழைய சரக்கிலும் இத்தகைய பெட்டிகள் அவ்வப்போது கிடைக்கும். பெட்டியின்மேல் உள்ள பெயரிலிருந்தே ஓரளவு வயதை ஊகிக்கலாம். கோடாக் நிறுவனம் கருப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக 2005இல் அறிவித்துவிட்டதால், அந்தப் பெயருள்ள பெட்டி எதுவானாலும் பழையதுதான். இல்ஃபோர்டு தாள் இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்ததும் பழையது என்று முடிவுசெய்து, யாரோ இருட்டறைக்காக வாங்கிவைத்த நல்ல தாளை வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, அது பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளா, பிளாஸ்டிக் பூச்சுத் தாளா என்று பாருங்கள். பெட்டியில் ஆர்.சி. என்று இருந்தால் பிளாஸ்டிக் பூச்சு, எஃப்.பி. என்று இருந்தால் ஃபைபர். பிளாஸ்டிக் பூச்சுத் தாள் விரைவில் கழுவப்பட்டுவிடும், சுருளாது, தொடக்கக்காரர்களை மன்னிக்கும். ஃபைபர் தாளில் நிறம் ஆழமாக ஏறும். ஆனால் கழுவுவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் பத்துத் தாள்களைப் பிளாஸ்டிக் பூச்சுத் தாளிலேயே செய்து பாருங்கள்.

“ஃபாக்” ஆகிவிட்டது என்று இருட்டறைக்காரர் ஒதுக்கிய தாளைப் பயப்படாமல் வாங்கலாம். முதுமையால் தாளில் ஏறும் அந்த மூட்டம் டெவலப்பரில் போடும்போதுதான் சாம்பல் நிறமாக வெளிப்படும். நாம் டெவலப்பரையே பயன்படுத்தாததால் அது நம்மைத் தொடாது.

நம் ஊரில் தாளைக் கெடுப்பது வயதைவிட ஈரம்தான். பெட்டியைக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே தாள்கள் நழுவும் சத்தம் கேட்டால் நல்லது. செங்கல்லைப் போல ஒரே கட்டியாக ஆடினால், மேற்பூச்சின் ஜெலட்டின் ஈரத்தில் இளகித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று பொருள், அதை வாங்காதீர்கள். பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. அந்தப் புள்ளிகளும் அச்சில் விழும், சில சமயம் இலையைவிட அழகாக விழும்.

வண்ணப் படத் தாளிலும் வெயில் அச்சு எடுக்கலாம். ஆனால் அதை இங்கே சேர்க்கவில்லை.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

கண்ணாடியும் பின்பலகையும் உள்ள பழைய படச்சட்டம் ஒன்று, பெரிய கிளிப்புகள் நான்கு, பிளாஸ்டிக் தட்டங்கள் நான்கு, மூங்கில் அல்லது பிளாஸ்டிக் இடுக்கி, ரப்பர் கையுறை, பென்சில், மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாள் ஆகியவை போதும். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் பலகையைப் பயன்படுத்த நினைப்பவர்கள், அவற்றில் சில வகை புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியே மேல்.

இந்தத் தட்டங்களும் அளவுக் குவளையும் மீண்டும் சமையலறைக்குப் போகக் கூடாது. “கழுவிட்டா போச்சு அக்கா” என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் சொல்வார். போகாது. பெயின்ட் மார்க்கரால் தட்டத்தின் விளிம்பில் எழுதிவைத்துவிடுங்கள்.

3. ஹைப்போக் கரைசலைத் தயாரித்தல்

வெயிலில் ஏறிய படத்தை நிலைநிறுத்துவது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். தாளில் ஒளி படாமல் எஞ்சியிருக்கும் வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடுகிறது. அப்படி எடுக்காவிட்டால் அந்த வெண்பகுதிகளும் நாளடைவில் கறுத்துப் படம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும்.

தங்கமீன் கடைகளில் குழாய்நீரின் குளோரினை நீக்குவதற்காக விற்கும் “ஆன்டி குளோரின்” கற்கள் பெரும்பாலும் இதே பொருள்தான். பையின்மேல் சோடியம் தயோசல்ஃபேட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீல நிறத் திரவமாக விற்பது வேண்டாம். அதில் வேறு மருந்துகள் கலந்திருக்கும்.

800 மில்லி தண்ணீரில் 150 கிராம் கற்களைப் போட்டுக் கலக்கி, கரைந்த பிறகு 1 லிட்டராக்குங்கள். கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகும், அது இயல்பே. பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கைசுடும் அளவுக்கு இருப்பதால், காலையிலேயே பிடித்து நிழலில் வைத்த தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. சூடான நீரில் பழைய தாளின் ஜெலட்டின் உப்பிக் கொப்புளமாகி விளிம்பில் உரிந்துவிடும். இந்தக் கரைசலை இரண்டு தட்டங்களில் பிரித்து வையுங்கள். ஏன் இரண்டு என்பதை ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன்.

இதில் வினிகரைச் சேர்க்காதீர்கள். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸர் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, தொடக்க காலத்தில் நானும் அரைக்குவளை வினிகரை ஊற்றினேன். சில நிமிடங்களில் கரைசல் பால்போல் வெளுத்தது, தீக்குச்சி எரிந்த நாற்றம் எழுந்தது, உள்ளே கிடந்த இரண்டு அச்சுகளின்மேல் மஞ்சள் தூள் படிந்தது. வெறும் ஹைப்போவில் அமிலம் பட்டால் கந்தகம் பிரிந்துவிடும். கடைகளில் விற்கும் அமில ஃபிக்ஸரில் அதைத் தடுக்கும் பொருள் கூடவே சேர்க்கப்பட்டிருக்கும்.

4. இலைகளையும் பூக்களையும் தயார்செய்தல்

ஈரமான இலையும் உலர்ந்த இலையும் ஒரே தாளில் இரண்டு வேறு படங்களைத் தரும். உலர்ந்தது கூர்மையான வடிவத்தை மட்டும் விட்டுச்செல்லும். ஈரமானது தன் சாற்றையும் தாளில் இறக்கி, ஓரங்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கசிவை உண்டாக்கும். அந்தக் கசிவுக்காகத்தான் பலரும் இதைச் செய்ய வருகிறார்கள், அந்தக் கசிவாலேயே பல அச்சுகள் பாழாகின்றன.

தொடக்கத்துக்கு வெற்றிலையைவிடப் பொருத்தமான இலை இல்லை என்பது என் முடிவு. அது தட்டையாகப் படியும், ஒளியை ஓரளவு உள்ளே விடும், நரம்புகள் தெளிவாக விழும். லிட்டில் இந்தியாவில் வாங்கிய வெற்றிலையை ஒரு நாள் முழுவதும் பழைய செய்தித்தாளுக்கிடையே அழுத்தி வையுங்கள். பாதி ஈரம் போய்விடும், மீதி ஈரம் நிறத்துக்குப் போதும். காகிதப்பூ ஏற்கெனவே தாளைப் போல மெல்லியது; அழுத்த வேண்டியதில்லை. வேப்பிலை, கறிவேப்பிலை, துளசி, சாக்கடையோரம் முளைக்கும் பெரணி எல்லாம் நன்றாக வரும். மாலைக் கடைகளில் மாலையில் மிஞ்சும் சாமந்தியைக் கேட்டால் தருவார்கள். ஆனால் முழுப்பூவாக வைக்காமல் இதழ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கண்ணாடி ஒட்டிப் படியாது.

பால் வடியும் செடிகளைத் தவிர்த்துவிடுங்கள். பப்பாளி இலையின் பாலும் அரளி வகைகளின் பாலும் தாளோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மேற்பூச்சையும் சேர்த்து இழுத்துவரும். அரளிப் பால் நச்சும்கூட.

ஸ்டுடியோ சரக்கோடு பழைய நெகட்டிவ்களும் வருவதுண்டு. அவற்றைத் தாளின்மேல் வைத்து மனித முகங்களை அச்சாக எடுக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம்களில் பல நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை; அவை எளிதில் தீப்பிடிக்கும். விளிம்பில் “சேஃப்டி” என்ற சொல் இல்லாத பழைய ஃபிலிமை ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள். புளித்த வாடை அடிக்கும் ஃபிலிம் அசிடேட் சிதைவில் இருக்கிறது. அது மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் தனியே வையுங்கள். மற்றொன்று, அது யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படமாக இருக்கலாம். ஸ்டுடியோக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல் அதைச் சுவரில் மாட்டுவதை நான் செய்வதில்லை.

5. பெட்டியைத் திறத்தல்

இப்போது திறக்கலாம். முழு இருட்டு தேவையில்லை. திரை போட்ட அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் வேலை செய்தால் போதும். கறுப்பு உறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து, உறையை மடித்துப் பெட்டியை மூடிவிட்டு, அதன் பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்த ஒரு வரியை மீறியதால் போன தாள்கள் எத்தனையோ. ஒருமுறை குழுவில் இருந்த தம்பி ஒருவர், ஆளுக்கு எத்தனை தாள் வரும் என்று எண்ணிப் பார்ப்பதற்காக, ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டே முழுக் கட்டையும் வெளியே எடுத்து விசிறிபோல் விரித்துவிட்டார். அவர் பாதி எண்ணுவதற்குள் தாள்களின் ஓரங்கள் வரிசையாக ஊதாவாக மாறிக்கொண்டிருந்தன. அவற்றையும் பயன்படுத்தினோம், ஆனால் எந்த அச்சிலும் வெண்மை கிடைக்கவில்லை.

தாளின் எந்தப் பக்கத்தில் பூச்சு இருக்கிறது என்று தெரியாவிட்டால், சிறு ஓரத்தைக் கிழித்து வெயிலில் 5 நிமிடம் வையுங்கள். நிறம் மாறும் பக்கமே மேற்பக்கம். தாள் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே சோதனை.

6. சட்டத்தில் அடுக்குதல்

பின்பலகை, தாள், இலை, கண்ணாடி என்பது வரிசை. தாளின் பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தேதி, தொடங்கும் நேரம் ஆகியவற்றை அடுக்குவதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை ஹைப்போவில் கலங்கும்.

ஈரமான இலையானால் இலைக்கும் தாளுக்கும் இடையே, அல்லது சாறு இறங்க வேண்டும் என்று விரும்பினால் இலைக்கும் கண்ணாடிக்கும் இடையே, மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். பிற்பகல் உச்சி வெயிலில் கண்ணாடிக்கு அடியில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். பத்தே நிமிடத்தில் வெற்றிலையைச் சுற்றிக் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கத் தொடங்கும். துளிகள் ஒன்றுசேர்ந்து ஓடும். இலை வதங்கிக் கீரைபோல் வேகும். அந்த ஈரத்திலும் சூட்டிலும் தாளின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு பிரித்தால் படத்தின் பாதி கண்ணாடியில் இருக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஆறு மணி நேரம் வைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நேர்வது இதுதான்.

7. வெயிலில் வைத்தல்

நம் கடிகாரம் வெயிலோடு ஒத்துப்போவதில்லை. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 மணியை ஒட்டித்தான். ஆகவே காலை 9.30 முதல் 11.30 வரை உள்ள நேரம், ஒளி போதுமானதாகவும் சூடு தாங்கக்கூடியதாகவும் இருக்கும். அந்த நேரத்தில் 60 முதல் 90 நிமிடம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மேகமூட்டமானால் 3 மணி நேரம் வரை ஆகலாம். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாள்களில் அதற்கும் மேலாகும்.

சட்டத்தைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள்; தரையின் சூடும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மரக்கட்டைகளின்மேல் தட்டையாக வைத்தால் அடியில் காற்று ஓடும். தண்டு, காய் போன்ற பருத்த பொருள்களின் நிழல் சூரியனோடு நகர்ந்து விளிம்பை மங்கலாக்கும். கூர்மை வேண்டுமானால் மெல்லிய பொருள்களையே வையுங்கள்.

எப்போது எடுப்பது என்பதைக் கடிகாரத்தைக் கேட்காமல் தாளின் வெளியோரத்தைக் கேளுங்கள். முதலில் இளம் ஊதா, பிறகு நாவற்பழ நிறம், அதன்பின் சாம்பல் கலந்த பழுப்பு என்று அது மாறிக்கொண்டே போகும். ஓரம் உங்களுக்குப் பிடித்த அடர்த்தியைத் தாண்டி, “கொஞ்சம் கூடிவிட்டதோ” என்று தோன்றும் அளவுக்குக் கறுத்த பிறகே எடுங்கள். ஹைப்போவில் ஒரு பங்கு அடர்த்தி போய்விடும் என்பதற்கான முன்கட்டணம் இது. நடுவில் சட்டத்தைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இலை இம்மி நகர்ந்தாலும் இரட்டை விளிம்பு விழும். இதற்காகவே ஒரு சிறு துண்டுத் தாளை இலையின்றிப் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

8. ஹைப்போவுக்கு முன் ஸ்கேன்

இந்தப் படியைத் தவறவிட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை தவறவிட்டதில்லை. சட்டத்தைத் திறந்ததும் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஹைப்போவில் இறங்கிய அரை நிமிடத்துக்குள் வெளுத்து, பழுப்பும் மஞ்சளுமாக மாறிவிடும். “அக்கா, என் கலர் எங்கே போச்சு?” என்று கேட்டபடி தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த முகங்களை நான் மறக்கவில்லை. வெயிலில் உண்டான வெள்ளித் துகள்களின் நுண்மையும் அவற்றைச் சூழ்ந்திருந்த வெள்ளி உப்பும் சேர்ந்தே அந்த நிறத்தைக் காட்டின. உப்பு கரைந்ததும் நிறம் வேறாகிறது. இது பிழை அல்ல, தவிர்க்கவும் முடியாது.

எனவே மங்கலான அறையில் இலையை நீக்கி, தாளை மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் முழுவதும் போன பிறகு ஸ்கேனரில் வையுங்கள். ஈரத் தாள் ஸ்கேனர் கண்ணாடியிலும் ஒட்டும். ஸ்கேனரின் விளக்கும் தாளுக்கு ஒளிதான். ஆகவே முன்னோட்டம் பார்த்துப் பார்த்து நான்கு முறை ஓட்டாமல், அளவை வேறொரு தாளில் முன்பே சரிசெய்துகொண்டு ஒரே முறையில் எடுங்கள். 600 டிபிஐ போதும். தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். ஊதாவை அது குறையென்று நினைத்துச் சாம்பலாக்கிவிடும்.

சிலர் இத்தோடு நிறுத்திக்கொண்டு, மூலத்தைக் கறுப்பு உறையில் போட்டு வைத்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு வழி. சுவரில் மாட்டும் அச்சு வேண்டுமானால் தொடருங்கள்.

9. நிலைநிறுத்தல்

முதலில் தாளை வெறும் தண்ணீரில் 2 நிமிடம் அலசுங்கள். இலைத் துணுக்கும் சாறும் ஹைப்போவில் கலந்தால் அடுத்த அச்சுகளில் கறை ஏறும். பிறகு முதல் தட்டத்தில் பாதி நேரமும் இரண்டாம் தட்டத்தில் பாதி நேரமுமாக, பிளாஸ்டிக் பூச்சுத் தாளானால் மொத்தம் 5 நிமிடம், ஃபைபர் தாளானால் 10 நிமிடம், தட்டத்தை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள்.

இரண்டு தட்டங்கள் ஏன் என்றால், வழக்கமான இருட்டறைப் படத்தில் வெள்ளி உப்பின் ஒரு பகுதி டெவலப்பரால் உலோகமாக மாறிவிட்டிருக்கும். வெயில் அச்சிலோ உப்பின் பெரும்பகுதி அப்படியே இருப்பதால் முழுச் சுமையும் ஹைப்போவின் தலையில் விழுகிறது, அது விரைவில் களைத்துப்போகிறது. முதல் தட்டம் பெரும்பகுதியைக் கரைக்க, இரண்டாவது மீதியைத் துடைக்கும். ஒரு லிட்டரில் 8க்கு 10 அங்குலத் தாள் 15க்கு மேல் நான் போடுவதில்லை.

நிறம் போய்விடுமே என்ற பயத்தில் 1 நிமிடத்தில் எடுத்துவிடுவது பொதுவான தவறு. அப்படி எடுத்த அச்சு அன்று அழகாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டிய சில வாரங்களில் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

10. கழுவுதலும் உலர்த்தலும்

தாளில் தங்கும் ஹைப்போவே பிற்காலத்தில் படத்தை மஞ்சளாக்கும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளை ஓடும் நீரில் 5 நிமிடம் கழுவினால் போதும். ஃபைபர் தாளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். குழாயைத் திறந்தே விட்டுவைப்பதற்குப் பதிலாக, தட்டத்தில் நீர் நிரப்பி 5 நிமிடம் ஊறவிட்டுக் கொட்டுவதைப் பன்னிரண்டு முறை செய்யுங்கள்.

உலர்த்துவதற்குக் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் தாளைப் படம் மேலிருக்கும்படி கிடத்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். அக்டோபர் மழையில் ஒரு முழு நாள் ஆகலாம். அவசரப்பட்டுப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும்.

11. தீர்ந்துபோன ஹைப்போ

பயன்படுத்திய கரைசலில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிகளில் புகைப்பட இரசாயனக் கழிவும் அடங்கும். வீட்டு முன்னால் ஓடும் கால்வாயில் ஊற்றாதீர்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பியை அதில் போட்டு வையுங்கள். சோப்புச் சேர்க்காத கம்பியாக இருக்க வேண்டும். நாள் செல்லச் செல்ல இரும்பு கரைந்து, வெள்ளி கருஞ்சேறாக அடியில் படியும். வாளி நிறைந்ததும் சேற்றோடும் நீரோடும் அப்படியே, புகைப்படக் கழிவை ஏற்கும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுத்துவிடலாம். இன்னும் இயங்கிவரும் கலர் லேப் ஏதேனும் அருகில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்; அவர்களுடைய கழிவை எடுத்துச் செல்ல வரும் வண்டியிலேயே உங்கள் வாளியையும் ஏற்றிவிட இடமிருக்கலாம்.